தேவாங்கின் வயிற்றிலே ஓர் உலகம்

மெலிந்த பையன் ஒருவன் வகுப்பில் இருந்துவிட்டால் போதும். மற்றப் பிள்ளைகள் அவனுக்குத் "தேவாங்கு" என்று நாமகரணம் செய்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் இதை எத்தனையோ வருஷங்களாகக் கேட்டு வருகிறோம். பெயர் சூட்டும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையான தேவாங்கைக் கண்டிருப்பார்கள்? அதைக் காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி செல்லும் இருப்புப் பாதையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். அங்குள்ள கரடுகளிலும் முட்புதர்களிலும் இருட்டிய பிறகு மரத்துக்கு மரம் மெல்ல ஊர்ந்து திரிகிறது இந்தப் பிராணி. எடை கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். வால் கிடையாது, முகத்தில் பாதி கண்.

இதைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி மாணாக்கர்கள் தேடித் தந்தது. 1997-98-ல், அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நெகாரிஸ் என்ற பெண்மணி அய்யலூருக்கு வந்து, இராப்பொழுதெல்லாம் இதன் பின்னாலேயே திரிந்தார். மைசூர்ச் சர்வகலாசாலையிலிருந்து சிந்து ராதாகிருஷ்ணா என்ற நம் நாட்டு மாணவியும் திண்டுக்கல் பக்கத்துத் தேவாங்குகளை ஆராய்ந்தார். வேலிகாத்தான் முள்ளும் தேளும் நிறைந்த காட்டில் இரவெல்லாம் விழித்திருப்பது லேசான காரியமா, வாசகர்களே யோசித்துப் பாருங்கள்!

நெகாரிஸ் கண்டறிந்தவற்றுள் ஒன்று ஆச்சரியமானது. அய்யலூர்த் தேவாங்கின் ஆகாரத்தில் நூற்றுக்குச் சுமார் 96 பங்கு பூச்சி முதலிய சிற்றுயிர்கள். எறும்பு, கறையான், வண்டு எல்லாம் அதற்கு விருந்து. குடியானவனுக்குக் கூலி கேளாமல் உழைக்கும் ஜீவன் என்று இதைச் சொல்வதில் தவறில்லை.

இத்தனை பூச்சிகளையும் அது எப்படி ஜீரணிக்கிறது? இங்கேதான் விஷயம் வயிற்றுக்குள் போகிறது.

நம் வீட்டு மாட்டையே எடுத்துக்கொள்வோம். வைக்கோலின் நாரைச் செரிக்கும் சக்தி மாட்டுக்குச் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையிலே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களே நாரைச் சிதைத்துக் கொடுக்கின்றன. காலையில் நாம் அருந்தும் காப்பியின் பாலில் அவற்றுக்கும் பங்கு உண்டு! இவ்வாறே ஒவ்வொரு பிராணியின் குடலிலும் அதனதன் ஆகாரத்துக்கு ஏற்ற கிருமிக்கூட்டம் ஒன்று வாழ்கிறது. குட்டிக்கு அது முதலில் தாயிடமிருந்து வருகிறது. பிறகு காட்டிலிருந்தும் உணவிலிருந்தும் நிறைகிறது. கிருமி என்றாலே நோய் என்று நடுங்கவேண்டாம். நல்ல கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் நோய்க் கிருமிகளுக்கு எளிதில் இடங்கிடைப்பதில்லை.

பிராணியின் இடத்தையும் ஆகாரத்தையும் மாற்றினால் என்ன நேரும்? மினஸோட்டா சர்வகலாசாலையினர் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை கூறுகிறது. வியத்நாமில் வாழும் டூக் குரங்குகளையும் மத்திய அமெரிக்காவின் ஊளைக் குரங்குகளையும் அவர்கள் பரிசோதித்தார்கள். கூண்டில் அடைபட்ட குரங்குகள் தம் இனத்துக்குரிய கிருமிகளில் பலவற்றை இழந்திருந்தன. அவற்றின் இடத்தில் நவீன மனிதனுடைய குடலில் மிகுந்திருக்கும் கிருமிகள் பெருகியிருந்தன! தழை தின்னும் டூக் குரங்குகள் கூண்டிலே வயிற்று நோயால் அடிக்கடி மடிவதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

இன்னொரு அபாயமும் உண்டு. மனிதனின் நோய் மிருகத்துக்கும் தாவும். 2021 ஜூன் மாதம் வண்டலூர் மிருகக்காட்சிச் சாலையிலே சிங்கங்களுக்குக் கொரோனா கண்டு, இரண்டு சிங்கங்கள் மாண்டதை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். நமக்கு உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் ஹெர்ப்பிஸ் வைரஸ், தென் அமெரிக்காவின் மார்மோசெட் குரங்கைக் கொன்றேவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, தேவாங்கைப் பிடித்து ஜோசியத்துக்கும் மாந்திரீகத்துக்கும் கண் மருந்துக்கும் பயன்படுத்தும் மூடவழக்கத்தை என்னவென்று சொல்வது? பிடிபட்ட பிராணிக்கு வாழைப்பழமும் பாலும் ஊட்டிச் சீராட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் எறும்புக்கும் கறையானுக்கும் பழகிய குடல் அதை ஏற்குமா? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேவாங்கும் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

சர்க்கார் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் ஜில்லாக்களில் 11,806 ஹெக்டேர் நிலத்தைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் ஏற்பட்ட முதல் சரணாலயம் இதுவே. வேடசந்தூர், நத்தம் தாலுகாக்களின் காடுகளும் அதில் அடக்கம்.

இனி நம் மாணாக்கர் செய்யவேண்டியது என்ன? கிருமிகளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துத்தான் அறியமுடியும் என்றிருந்த காலம் போயிற்று. அவற்றின் ரைபோசோமிலுள்ள மரபுப் பொருளை ஒப்பிட்டு இனம் பிரிக்கும் வழியைக் கார்ல் ஊஸ் 1977-ல் காட்டினார். அதன் வழியே, இன்று ஒரு சிட்டிகை எச்சத்திலிருந்து குடலிலுள்ள கிருமிகளின் ஜாபிதாவையே எழுதிவிடலாம். பிராணியைத் தொடவும் வேண்டாம், துன்புறுத்தவும் வேண்டாம். காந்திகிராமத்தில் படிக்கும் மாணவனுக்கு அய்யலூர் எட்டாத தூரமா? வனத்துறையின் அனுமதி முதலில் வேண்டும். தேவாங்கு உறங்கும் மரத்தை இரவில் சிவப்பு விளக்கால் அறிந்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் அடியில் விழுந்திருப்பதைக் கையுறையோடு சேகரித்துச் சாராய புட்டியில் இடவேண்டும். காட்டின் நடுவே வாழ்வதன் எச்சம் ஒரு புட்டியில். தோட்டத்து வேலியோரம், பூச்சிமருந்து தெளித்த வயலுக்குப் பக்கத்தில் வாழ்வதன் எச்சம் மற்றொன்றில். இரண்டு ஜாபிதாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை.