கடவுள் யார்? பழனிமலைத் தொடர் சொல்லும் பல பதில்கள்

பழனி அடிவாரத்திலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் அறுபத்து சொச்சம் கிலோமீட்டர். இந்தத் தொலைவுக்குள்ளும் அதன் அக்கம்பக்கத்திலும் முருகன் கோயில் இருக்கிறது, சமணர் செதுக்கிய பாறை இருக்கிறது, பளியர்களின் காட்டுச் சாமி இருக்கிறது, மாதா கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன, ஜென் தியானக் கூடமும் இருக்கிறது. கடவுள் யார் என்று இந்த இடங்களில் கேட்டால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பதில் கிடைக்கும்.

"எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று நம்மில் பலர் நல்ல மனதோடு சொல்லிவிடுகிறோம். சண்டை வராமல் இருக்க அது உதவும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்பதை அறிந்துகொள்ள அது போதாது. அதற்கு நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம்:

1. கடவுளுக்கு உருவம் உண்டா?
2. உலகைப் படைத்தது அவரா?
3. அவரும் நானும் வேறா, ஒன்றா?
4. வேண்டிக்கொண்டால் அவர் செவிசாய்ப்பாரா?

காட்டுக்குள் இருக்கும் சாமி

பளியர்கள் இம்மலைகளின் பழங்குடி மக்கள். கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் காட்டோடு வாழ்ந்துவந்தவர்கள். பளிச்சியம்மன் போன்ற தெய்வங்களை வணங்குகிறார்கள். கோபுரம் வேண்டியதில்லை, மரத்தடியில் ஒரு கல் இருந்தாலே அது சாமி இருக்கும் இடம். நோயோ சிக்கலோ வந்தால் சாமியாடியின் மேல் சாமி இறங்கும். மக்கள் கேட்பார்கள், சாமி பதில் சொல்லும்.

இங்கே நான்காவது கேள்விக்குத்தான் முதலிடம். உலகத்தை யார் படைத்தார் என்பது பெரிய விசாரணையாக எழுவதில்லை. இந்தக் காட்டை, இந்தக் குடும்பத்தை யார் காக்கிறார் என்பதே முக்கியம். கீழே சமவெளியில் நாம் கும்பிடும் குலதெய்வங்களும் ஏறக்குறைய இதே வகைதான். அவற்றில் பல, ஒரு காலத்தில் நம்மிடையே வாழ்ந்து மறைந்த மனிதர்கள் என்றே கதைகள் சொல்கின்றன.

பழனியாண்டவர்

திருமுருகாற்றுப்படை பாடும் ஆவினன்குடி, பழனி மலையடிவாரத்தில் உள்ளது. 693 படிகள் ஏறினால் மலைமேல் தண்டாயுதபாணி. கோவணமும் கையில் தண்டுமாக நிற்கும் ஆண்டி அவர். அதே மூர்த்திக்கே மாலையில் ராஜ அலங்காரம் செய்கிறார்கள். பக்தருக்கு இதில் முரண்பாடு தெரிவதில்லை. கடவுளுக்கு உருவம் உண்டு, ஆனால் ஓர் உருவத்துக்குள் அவர் அடங்கிவிடுவதில்லை என்பது இங்குள்ள நம்பிக்கை. காவடி எடுப்பவர் முருகனைத் தத்துவமாக எண்ணி எடுப்பதில்லை. பிள்ளையாக, அப்பனாக, கோபித்துக்கொண்டு மலையேறி வந்துவிட்டவனாக, உரிமையோடு பேசக்கூடியவனாக எண்ணி எடுக்கிறார்.

இந்த பக்திக்குப் பின்னால் ஒரு தத்துவமும் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் வகுத்துத் தந்த சைவ சித்தாந்தம் அது. பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டியிருக்கும் தளை ஆகிய மூன்றும் தொடக்கமில்லாதவை என்கிறது. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தக் கருத்துப்படி உயிர்களை இறைவன் புதிதாக உண்டாக்கவில்லை. என்றும் இருக்கிற உயிர்கள் தளையிலிருந்து விடுபடுவதற்காக, அவற்றுக்கு உடலையும் உலகையும் மாயையிலிருந்து ஆக்கித் தருகிறான். விடுதலை அடைந்த பிறகும் உயிர் இறைவனாகவே ஆகிவிடுவதில்லை. அவனைப் பிரியாமல் இருக்கிறது.

அதே கோயிலுக்குள் இன்னொரு பார்வையும் உண்டு. மூலவரை நவபாஷாணத்தால் செய்தவர் போகர் என்பது மரபு. அவருடைய சமாதியும் கோயிலிலேயே இருக்கிறது. சித்தர் நெறி, இறைவனை உடம்புக்குள்ளேயே கண்டடையச் சொல்கிறது. ஆக, வெளியே அபிஷேகம் காணும் திருமேனியைச் செய்தவர் என்று நாம் போற்றுகிறவரே, உள்ளே தேடச் சொன்ன மரபைச் சேர்ந்தவர்.

ஐவர்மலை: படைக்காதவர், வரம் தராதவர்

பழனிக்கு மேற்கே பாப்பம்பட்டிக்கு அருகில் ஐவர்மலை இருக்கிறது. பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்று ஊரார் சொல்வார்கள். ஆனால் அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். பாண்டியன் வரகுணன் காலத்து, கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கே உண்டு.

சமணம் தரும் பதில் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும். உலகைப் படைத்தவர் என்று எவரும் இல்லை. அது என்றும் இருப்பது. தீர்த்தங்கரர்கள் மனிதராகப் பிறந்து, ஆசையை வென்று, வினையறுத்து வீடுபெற்றவர்கள். அவர்கள் முன் கைகூப்புவது வரம் கேட்க அல்ல. அவர்கள் சென்ற வழியில் தானும் செல்வேன் என்று நினைத்துக்கொள்வதற்காக. உருவம் இருக்கிறது, வணக்கமும் இருக்கிறது, படைத்தவர் மட்டும் இல்லை. கடவுள் நம்பிக்கையும் சமயமும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் மண்ணில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கற்சான்று இது.

கொடைக்கானலின் தேவாலயங்களும் பள்ளிவாசலும்

1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சீர்திருத்தச் சபையார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். பிறகு கத்தோலிக்கர்கள் சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார்கள். செண்பகனூரில் இயேசு சபையார் பயிற்சி இல்லம் தொடங்கினார்கள்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் இரண்டாவது கேள்விக்கான பதில் உறுதியானது. ஒன்றுமில்லாமையிலிருந்து அனைத்தையும் கடவுள் படைத்தார்; உயிர்களும் அவர் படைப்பே. உயிர் தொடக்கமில்லாதது என்ற சைவ சித்தாந்தத்தோடு இது நேராக மோதுகிறது. கடவுள் ஒருவரே, ஆனால் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் இருக்கிறார். அந்த மகனே இயேசுவாக மனித உடல் எடுத்தார், ஒரே ஒரு முறை. சீர்திருத்தச் சபையாரும் கத்தோலிக்கரும் இதில் ஒன்றுபடுகிறார்கள். மாதாவிடம் வரும்போது பிரிகிறார்கள். கத்தோலிக்கருக்கு மாதா கடவுள் அல்ல. நமக்காகத் தம் மகனிடம் பரிந்து பேசும் தாய். ஆகஸ்ட் மாதம் சலேத் மாதா திருவிழாவில் கூடுகிறவர்கள் அந்தப் பரிந்துரையைத்தான் கேட்கிறார்கள். சீர்திருத்தச் சபையாரோ, இயேசுவைத் தவிர வேறு இடையாள் தேவையில்லை என்பார்கள்.

பள்ளிவாசலில் தொழுகிறவர், படைத்தவன் ஒருவனே என்பதில் கிறிஸ்தவரோடு உடன்படுவார். ஆனால் அவனுக்கு உருவமில்லை, இணையில்லை, மகனுமில்லை என்பதே அவருடைய நம்பிக்கையின் அடித்தளம்.

குறிஞ்சி ஆண்டவரும் ஒரு நூலும்

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-இல் கட்டுவித்தவர் லீலாவதி ராமநாதன். ஹாரிசன் என்ற குடும்பப் பெயரோடு வெள்ளையர் வீட்டில் பிறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து, சைவத்தைத் தழுவியவர். தஞ்சையைச் சேர்ந்த அருள்பரானந்த சுவாமியின் சீடரான ராமநாதன், 1898-இல் மத்தேயு நற்செய்திக்கு ஆங்கிலத்தில் உரை ஒன்றை வெளியிட்டார். ஹாரிசனுக்கு விளக்கிச் சொன்னதாகவே அது அச்சானது. 1902-இல் யோவான் நற்செய்திக்கும் உரை வந்தது.

ஒரு சைவர், தம் ஞானமரபின் வெளிச்சத்தில் பைபிளைப் படித்து, இயேசுவை இறைநிலை கண்ட ஞானியாகப் போற்றினார். எனக்கு இது மிக மதிப்பான முயற்சியாகப் படுகிறது. அயலாரின் வேதத்தை வரிவரியாகப் படிக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது? ஆனால் அவருடைய முடிவைக் கொடைக்கானலின் பாதிரிமார்கள் ஏற்க முடியாது. அவர்களுக்கு இயேசு ஞானியருள் ஒருவர் அல்லர், ஒப்பற்ற ஒரே மகன். இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லா வழியும் ஓரிடத்துக்கே போகிறது என்பதும் ஒரு நம்பிக்கை. மற்ற நம்பிக்கைகளுக்கு மேலே நின்று தீர்ப்புச் சொல்லும் இடம் அதற்குக் கிடையாது. அவற்றோடு சமமாக உட்கார்ந்து பேச வேண்டிய ஒன்று அது.

பெருமாள்மலையில் பேசாமல் அமர்வோர்

பெருமாள்மலையில் போதி ஜென்டோ என்ற தியான இல்லம் 1996-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அமா சாமி. இயேசு சபைத் துறவி, ஜப்பானில் யமதா கோவுன் என்ற ஆசானிடம் ஜென் பயின்றவர். ஜென் பௌத்தம் படைத்தவரைப் பற்றிய விளக்கத்தில் இறங்குவதில்லை. கடவுள் என்று நீ மனதில் வைத்திருக்கும் படத்தையும் கீழே வைத்துவிட்டு அமர் என்கிறது. ஒரு கத்தோலிக்கத் துறவி அதற்கு இடம் அமைத்தது, இரு மரபிலும் ஒருவர் ஆழமாகக் கால் ஊன்ற முடியும் என்பதற்கு அத்தாட்சி.

கடவுள் இல்லை என்பவர்கள்

1925-இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தை விட்டுவிட்டு, தமிழ்நாட்டில் இதைப் பேச முடியாது. அவர்கள் என் நான்கு கேள்விகளோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: கடவுளின் பெயரால் மனிதர்களுக்கு என்ன செய்யப்படுகிறது? தீண்டாமைக்குக் காவல் நிற்கும் கடவுள் எதற்கு என்ற அந்தக் கேள்விக்கு, நம்புகிறவர்களும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தெரிந்துகொள்வதால் என்ன பயன்?

அன்றாடத்தில் பயன் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு கிறிஸ்தவரோ முஸ்லிமோ தயங்கலாம். அது உங்களை அவமதிப்பதாகாது. பிற தெய்வத்துக்குப் படைத்ததை உண்ணலாகாது என்று அவர் தம் வேதத்திலிருந்து கற்றிருக்கலாம். அதேபோல முருக பக்தர் ஒருவர் சலேத் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினால், அவர் மதம் மாறப் போகிறார் என்று பொருளில்லை. கடவுள் பல உருவில் வருவார் என்று நம்புகிறவருக்கு அது இயல்பு. ஒருவருக்கு இயல்பானது இன்னொருவருக்கு ஏன் கூடாததாகிறது என்பது, அவரவர் கடவுள் யார் என்று தெரிந்தால்தான் விளங்கும்.

அதனால் உங்கள் நண்பரிடம் அவருடைய கடவுள் உண்மையா என்று கேட்பதற்கு முன், அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். உருவம் உண்டா, படைத்தவரா, உங்களுக்கு என்ன உறவு, அழைத்தால் வருவாரா? பதிலை இடையில் வெட்டாமல் முழுதாகக் கேளுங்கள். உடன்பட வேண்டியதில்லை. அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி உங்களால் திருப்பிச் சொல்ல முடிந்தால், அதன் பிறகு தாராளமாக வாதாடலாம்.