கிணற்றடியிலே தொடங்கும் படிப்பு

உயர்தர வகுப்பிலே உயிரியல் பயிலும் பிள்ளை வைத்தியராக வேண்டுமென்றே நம்மிற் பெரும்பாலான பெற்றோர் விரும்புகின்றனர். அவ்விருப்பத்திலே குற்றமில்லை. ஆயின், அவ்வாயில் அடைபட்ட பின்னரே ஏனைய துறைகளை ஏறிட்டுப் பார்ப்பது முறையன்று. அவற்றுள் ஒன்று சுற்றாடல் விஞ்ஞானம்.

இப்படிப்பினாற் பயன் யாது? யாழ்ப்பாணக் குடாநாட்டையே நோக்குவோம். அங்கே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கித் தேங்குவதாலேயே கிணறுகள் ஊறுகின்றன. அப்பாறையின் வெடிப்புகள் மழைநீரை மட்டுமா உள்ளே விடுகின்றன? தோட்டத்துப் பசளையின் எச்சமும் மலக்குழியின் கசிவும் அவ்வழியே செல்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அது மேற்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிலே மாப்பால் கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றக்கூடும். கொதிக்கவைத்தாற் கிருமி மாளும், நைத்திரேற்றோ நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இவ்வொரு சிக்கலை விளங்கிக்கொள்வதற்கே இரசாயனவியல், உயிரியல், புவியியல், கணிதம் ஆகிய நான்கும் வேண்டியிருத்தலைக் காண்க. ஆதலின் ஒரு பாடத்தை மட்டும் மனனஞ் செய்வது இத்துறைக்கு உதவாது. அளந்து பார்க்கும் பழக்கமே முதலில் வேண்டும். வாரந்தோறும் குறித்த ஒரு நாளிலே கயிறு விட்டுக் கிணற்று நீர்மட்டத்தை அளந்து, அவ்வார மழையையும் ஒரு கொப்பியிற் குறித்து வரும் மாணவன், ஓராண்டு முடிவிலே மாரிக்கும் கோடைக்கும் உள்ள வேற்றுமையைத் தன் கணக்கிலேயே காண்பான். ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருப்பதால், அம்மொழியை வாசித்து விளங்கும் பயிற்சியும் இன்றியமையாதது.

வவுனியாவிலே, முன்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான நிறுவனத்தில், சுற்றாடல் விஞ்ஞானம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. அனுமதிக்கு வேண்டிய பாடங்களையும் முன்னைய வெட்டுப்புள்ளிகளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலிலே காணலாம். உயர்தரப் பாடங்களைத் தெரிவதற்கு முன்னரே அதனைப் பார்த்துக்கொள்ளல் நன்று.

பெற்றோரே, நோயுற்ற குழந்தைக்கு மருந்தளிக்க வைத்தியர் வேண்டும். அக்குழந்தை குடிக்கும் கிணற்றைக் காக்கக் கற்றவரும் வேண்டுமன்றோ? உங்கள் மகனோ மகளோ அப்படிப்பை விரும்பினால், அதனை இரண்டாந்தரமென்று தள்ளிவிடாதீர்கள்.