ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்ளும் நோய்

ஒரு பெண் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் சேயும் நலம். ஐந்தாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்தது. சீழ் வைத்தது. காய்ச்சலும் வந்தது.

"உடம்புச் சூடு" என்றார் மாமியார். "ஆகாததைச் சாப்பிட்டிருப்பாள்" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். இரண்டும் இல்லை. தையல் வழியாகக் கிருமி புகுந்துவிட்டது. வீட்டிலிருந்து வரும்போது அவளுக்கு இந்த நோய் இல்லை. நோய் தீர்க்கும் இடத்தில்தான் வந்தது.

இது அபூர்வம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஒரு கணக்குச் சொன்னது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் 15 பேருக்கு இப்படி நோய் தொற்றுகிறது. இந்தியாவும் அந்த வகை நாடுதான். தொற்றியவர்களில் 10 பேருக்கு ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களுக்கும் கஷ்டம்தான். கூடுதல் நாள் படுக்கை. கூடுதல் மருந்து. துணைக்கு இருப்பவருக்குக் கூலி போச்சு. சில கிருமிகள் மருந்துக்கும் அடங்குவதில்லை.

கிருமி எப்படிப் பரவுகிறது? பெரும்பாலும் கைகள் வழியாக. ஒருவர் புண்ணைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்தவரைத் தொடுகிறது. பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாதே! குளுக்கோஸ் ஏற்றும் ஊசி, சிறுநீர்க் குழாய் வழியாகவும் புகும்.

1847இல் வியன்னா நகர ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இருந்தார். அங்கே ஏப்ரல் மாதம் பிரசவித்த தாய்மாரில் 100க்கு 18 பேர் இறந்தார்கள். டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் படித்துவிட்டு, பிரசவம் பார்க்க வந்தார்கள். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார் அவர். ஜூன் மாதம் சாவு 100க்கு 2 ஆகக் குறைந்தது. ஆனாலும் தங்கள் கையைக் குறை சொன்னது பல டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை.

நாமும் நோயாளி கட்டிலில் நாலு பேர் உட்காருகிறோம். அங்கேயே சாப்பிடுகிறோம். கை கழுவாமல் குழந்தையைத் தூக்குகிறோம். நம் கையும் கைதான்.

"சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?" "சார், இந்தக் குழாய் இன்னும் வேணுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தப்பில்லை. நர்ஸை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வார்டு நிறைய நோயாளிகள், பார்த்துக்கொள்ள அவர் ஒருவர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவர் என்ன செய்வார்?

அப்போது பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுங்கள். உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே! "பிரசவ வார்டில் கை கழுவத் தண்ணீர் வரவில்லை. சோப்பு இல்லை." இரண்டு வரி போதும். தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.