வெள்ளத்துக்கு முன்னால் செய்தி வர வேண்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள் மழை ஓய்ந்ததும் 'ஒருவழியாகத் தப்பித்தோம்' என்று வீட்டைக் கழுவிவிட்ட பாகூர் கொம்யூன் மக்களுக்கு அடுத்த அடி காத்திருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையிலுள்ள சோரியாங்குப்பம், குருவிநத்தம் போன்ற ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வில்லியனூர் பக்கம் வீடூர் அணையின் உபரிநீர் சங்கராபரணியில் பெருகி வந்தது. முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது ஒரு தரப்பு, போதவில்லை என்றது மறு தரப்பு. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படுத்த பெற்றோருக்குச் செய்தி எந்த வழியாக, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பாகூர், வில்லியனூர் ஆகிய இரண்டு கொம்யூன்களுக்கும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாகூரை ஒட்டிக் கடலூர் மாவட்டம், வில்லியனூரை ஒட்டி விழுப்புரம் மாவட்டம். ஆற்றில் தண்ணீர் விடுவது தமிழ்நாடு. பள்ளிக்கு விடுமுறை விடுவது புதுச்சேரி அரசு. டி.வி.யில் 'கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை' என்று ஓடியதும் அதைப் படம் எடுத்து யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். அது பாகூர் அரசுப் பள்ளிக்குப் பொருந்தாது. பாகூரில் இருந்துகொண்டு கடலூரில் படிக்கும் பிள்ளைக்கோ அதுதான் பொருந்தும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு லீவு, தங்கைக்குப் பள்ளி.

தேர்விலும் இதே கதை. முன்பு புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இருந்தன. இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறி, 2025இல் அரசுப் பள்ளி மாணவர்கள் முதல் தடவையாக அந்த வாரியத்தின் பொதுத்தேர்வை எழுதினார்கள். டி.வி.யில் வரும் தமிழ்நாட்டு பிளஸ் டூ தேர்வு அட்டவணையைப் பார்த்து இந்த மாணவர்களின் வீடுகள் திட்டம் போட்டால் தவறிவிடும். சரியான செய்தியும் எல்லோருக்கும் நேரத்தில் சேர்வதில்லை. காலையில் கம்பெனி வேன் ஏறி, போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போகும் தாய்க்கு, மழையால் பள்ளி மதியமே விட்டுவிட்ட செய்தி ஷிப்ட் முடிந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இருந்த காலமும் குறுகியதுதான். 38 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2006இல் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் முடிந்தபின் ஊருக்கு உறுப்பினர் கிடையாது. 2021இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. நாலு பேர் கூடி நாலு விஷயம் பேசும் ரேஷன் கடைகளும் பல ஆண்டு மூடிக்கிடந்து 2024 அக்டோபரில்தான் திறந்தன.

செய்தியை ஊருக்குள் கொண்டுவருவதில் நாட்டுக்கே வழிகாட்டிய இடம் இது என்பதால் இந்த நிலை இன்னும் வலிக்கிறது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு இதழும் வந்தது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பைத் தினமும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு மீனவ கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் டி.வி.யில் சுனாமியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். மக்கள் அறிவு மையத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் 'எல்லோரும் ஓடுங்கள்' என்று அலறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிர்கள் தப்பின. அன்று காப்பாற்றியது ஒரு போனும், ஒரு குழாய் ஸ்பீக்கரும், எங்கே ஓட வேண்டும் என்று தெரிந்திருந்த மக்களும்தான்.

நல்ல செய்தி வராத இடத்தில் வதந்தி வந்து உட்காரும். 2018 மே மாதம் போளூர் அருகே, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்தான் காரணம். இரட்டை அம்புக்குறியோடு வரும் தகவல் பலமுறை கைமாறியது என்று பொருள். அதை உடனே மற்றவர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். மக்களிடம் பீதி கிளப்பும் நோக்கில் வதந்தி பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 353இன்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. உண்மையே ஆனாலும் பரப்பக் கூடாதவையும் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடப் போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. பரிதாபப்பட்டு அனுப்பினாலும் அந்தப் பிள்ளைக்குத் தீங்குதான். அப்படி ஒரு கொடுமை தெரியவந்தால் போலீசிடம் சொல்வது கடமை. குழந்தைகள் உதவி எண் 1098லும் சொல்லலாம்.

இன்னொரு வலை, 'உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்' என்று வரும் போன். பணம் வாங்க ஸ்கேனோ பின் நம்பரோ தேவையில்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

தகவல் பெறுவது சட்டம் தந்த உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி 10 ரூபாய் கட்டணத்தில், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்கள் கட்டணமின்றி, கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில். பதில் இல்லையென்றால் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்குப் பிறகு, புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால், டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். 'எங்கள் ஊருக்கு வெள்ள எச்சரிக்கை யார் சொல்ல வேண்டும், கடந்த தடவை எத்தனை மணிக்குச் சொன்னார்கள்' என்று தாராளமாகக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடாதீர்கள். அடுத்த மழைக்கு முன்னால் அங்கே இரண்டு கோரிக்கை வையுங்கள்: திடீரென்று பள்ளி விட்டால், வேலையிலிருக்கும் பெற்றோரின் கம்பெனி நம்பருக்கோ பக்கத்து வீட்டு நம்பருக்கோ போன் செய்யும் ஏற்பாடு வேண்டும், அணை திறந்தால் கொம்யூன் பஞ்சாயத்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1070, 1077 எண்களைப் போனில் மட்டுமின்றி, வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளைகள் கண்ணில் படும்படி சுவரிலும் எழுதி வையுங்கள்.