இரத்தக் கொதிப்பா? நாடியையும் தொட்டுப் பாருங்கள்

மலேசியாவில் வயது வந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு உள்ளது. தலைவலியோ தலைசுற்றலோ இல்லை என்பதால் பலர் மருந்தைப் பாதியிலேயே நிறுத்தி விடுகின்றனர். ஆனால், 140/90க்கு மேல் நீடிக்கும் அழுத்தம் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும்.

கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடித்து விறைக்கிறது. நாளடைவில் இதயத்தின் மேலறை விரிந்து, துடிப்பை இயக்கும் மின்னோட்டம் சீர்குலைகிறது. மேலறை முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. மருத்துவர்கள் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று சொல்வது இதைத்தான். அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு.

படபடப்பு, மூச்சிரைப்பு, சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு எதுவுமே தெரியாது. ஆகவே, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரு விரல்களை வைத்து 1 நிமிடம் நாடியைக் கவனியுங்கள். துடிப்பு ஒழுங்கின்றி வந்தால், கிளினிக்கில் சொல்லி இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

நோய் உறுதியானால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை மருத்துவர் கொடுப்பார். ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது. கொதிப்பு மருந்தையும் விடக்கூடாது. கருவாடு, ஊறுகாயைக் குறைக்க வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள்.