இரவல் அண்டாவும் ஜப்தி வராத ஓவியமும்

வீட்டில் விசேஷம். இருநூறு பேருக்குச் சமைக்கப் பெரிய அண்டா இல்லை. பக்கத்துத் தெருவில் இரவல் வாங்குகிறோம். சாம்பார் கொதிக்கும்போது ஒருவர் வந்து, "இது எங்க பாட்டியோட சீதனம்" என்று அண்டாவில் கை வைத்தால்? பந்தி கெடும். இரவல் கொடுத்தவர் அடுத்த விசேஷத்துக்கு ஒரு கரண்டிகூடத் தரமாட்டார்.

அருங்காட்சியகங்களுக்கும் இதே கவலைதான். அமெரிக்காவின் ரிச்மண்ட் பல்கலைக்கழகம் சோவியத் ஒன்றியத்திடம் கலைப்பொருட்களை இரவல் கேட்டபோது, 'உங்கள் ஊரில் யாரும் ஜப்தி செய்யக் கூடாது' என்று உறுதி கேட்டார்கள். அதையொட்டி 1965-ல் ஒரு சட்டம் பிறந்தது.

அதன் நடைமுறை இதுதான். அண்டா நம் வாசற்படி தாண்டும் முன்பே ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியவர் அமெரிக்க வெளியுறவுத் துறை. பொருளுக்குப் பண்பாட்டு மதிப்பு உண்டா, அதைக் காட்சிக்கு வைப்பது நாட்டுக்கு நல்லதா என்று பார்த்து அரசிதழில் அறிவிப்பார்கள். ஓவியம் நாட்டுக்குள் வந்த பிறகு அறிவித்தால் செல்லாது. லாபத்துக்கான கண்காட்சி என்றாலும் கிடையாது. அறிவிப்பு வந்துவிட்டால் எந்த நீதிமன்றமும் அந்தப் பொருளைப் பிடித்து வைக்க முடியாது.

விண்ணப்பத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. எவர்சில்வர் பாத்திரத்தின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்போமே, அதைத் திருப்பிப் பார்க்கிற வேலை. ஓவியம் யார் யார் கைமாறி வந்தது என்று முறையாக விசாரித்து, அருங்காட்சியகம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அண்டாவைத் தூக்க முடியாது, சரி. வழக்குப் போடலாமா? 2003-ல் ஆம்ஸ்டர்டாம் நகரம் ஓவியர் மலேவிச்சின் 14 படைப்புகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. காப்பு இருந்தது. இருந்தும் அவர் வாரிசுகள் அங்கேயே வழக்குத் தொடுத்தார்கள். 'ஜப்திக்குத்தான் தடை, வழக்குக்கு இல்லை' என்றது நீதிமன்றம். 2008-ல் சமரசமாகி ஐந்து ஓவியங்கள் வாரிசுகளிடம் போயின. 2016-ல் வந்த புதுச் சட்டம், இரவல் தந்ததையே சாக்காக வைத்து வெளிநாட்டு அரசுகள்மீது வழக்குப் போடுவதைத் தடுத்தது. நாஜிக் கால அபகரிப்புகளுக்கும், குறிப்பிட்ட மக்கள் குழுக்களைக் குறிவைத்துத் திட்டமிட்டு நடந்த அபகரிப்புகளுக்கும் கதவைத் திறந்தே வைத்தது. சரியான ஏற்பாடு.

மத்திய அரசின் இந்தக் காப்பைக் கேட்காமலே வந்த ஓவியமும் உண்டு. எகான் ஷீலே 1912-ல் வரைந்த 'வல்லியின் உருவப்படம்'. வியன்னாவில் கலைக்கூடம் நடத்திய யூதப் பெண் லெயா போண்டியின் சொந்தச் சொத்து. 1939-ல் அவர் லண்டனுக்குத் தப்பிப் போகும் தறுவாயில் ஒரு நாஜி வணிகர் பறித்துக்கொண்டார். திரும்பப் பெறப் போராடியே 1969-ல் அவர் இறந்துபோனார். 1997-ல் ஆஸ்திரியாவின் லியோபோல்ட் அறக்கட்டளை அதை நியூயார்க்குக்கு இரவல் அனுப்பியது. மறு ஆண்டு ஜனவரியில் அரசு வழக்கறிஞர் தடுத்து நிறுத்தினார். மாநிலச் சட்டத்தைக் காட்டி 1999-ல் மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் விடுவித்தது. உடனே மத்திய அரசு திருட்டுச் சொத்தென்று பிடித்தது. 2010-ல் 1.9 கோடி டாலர் கொடுத்துத்தான் லியோபோல்ட் தரப்பு அதை மீட்டது.

இரவலுக்குக் காப்பு வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஓவியங்கள் ஊர் தாண்டாது. ஆனால் பாத்திரத்தைத் திருப்பிப் பெயர் பார்க்காமல் அந்தக் காப்பைக் கேட்பது அநியாயம்.

வல்லி ஓவியத்துக்கான சமரசத்தில் பணத்தோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அதன்படி, ஓவியத்தின் பக்கத்தில் அது யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று சொல்லும் பலகை நிரந்தரமாக இருக்க வேண்டும்.