புணே தீர்ப்பு: வெற்றிக்குப் பின்னே நிற்கும் கேள்விகள்

புதுதில்லி: மும்பையைத் தவிர மகாராஷ்டிரத்தின் வேறெந்த மாநகராட்சித் தேர்தலும் தலைநகர அரசியல் வட்டாரங்களில் நீண்ட நாள் பேசப்படுவதில்லை. புணே இந்த முறை அந்த வழக்கத்தை மாற்றியது. அம்மாநிலத்தின் 29 மாநகராட்சிகளுக்கு 2026 ஜனவரி 15-ம் தேதி தேர்தல் நடைபெற்று, மறுநாள் முடிவுகள் வெளியானபோது, மும்பைக்கு அடுத்து அனைவரும் கேட்ட கேள்வி "புணேயில் பவார்கள் என்ன ஆனார்கள்?" என்பதுதான்.

முடிவு ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. மொத்தம் 165 இடங்களில் பாரதிய ஜனதா 119-ஐக் கைப்பற்றியது. அஜித் பவாரின் தேசியவாத காங்கிரஸ் 27 இடங்களிலும், காங்கிரஸ் 15 இடங்களிலும், சரத் பவாரின் தேசியவாத காங்கிரஸ் 3 இடங்களிலும், உத்தவ் தாக்கரேயின் சிவசேனை ஓர் இடத்திலும் வென்றன. மாநில அரசில் பங்கு வகிக்கும் ஏக்நாத் ஷிண்டேயின் சிவசேனைக்கு ஓர் இடம்கூடக் கிட்டவில்லை. 2012-ல் 29 இடங்களைப் பெற்று நகரையே வியக்கவைத்த ராஜ் தாக்கரேயின் மகாராஷ்டிர நவநிர்மாண் சேனை இப்போது மாமன்றத்திலேயே இல்லை.

அண்டை நகரான பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் இதே நிலைதான். அங்கு 128 இடங்களில் பாரதிய ஜனதாவுக்கு 84 கிடைத்தன. பவார் குடும்பத்தின் கோட்டை என்று கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வந்த மாவட்டத்தின் இரு பெரு நகரங்களிலும் அக்குடும்பம் ஒன்று சேர்ந்து நின்றும் வெல்ல முடியவில்லை.

மாநிலத்தில் நட்பு, நகரில் பகை

புணே அரசியலை அறிந்தவர்களுக்கு இத்தேர்தலின் கூட்டணிக் குழப்பம் புதிதல்ல. 2007-ல் மகாராஷ்டிரத்திலும் மத்தியிலும் காங்கிரஸும் தேசியவாத காங்கிரஸும் ஒன்றாக ஆட்சி நடத்தின. ஆனால் புணே மாநகராட்சியில் சுரேஷ் கல்மாடியின் செல்வாக்கை முறியடிப்பதற்காகத் தேசியவாத காங்கிரஸ், பாரதிய ஜனதாவுடனும் சிவசேனையுடனும் கை கோத்தது. "புணே பாணி" என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி அஜித் பவார்.

பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் காட்சி தலைகீழானது. மாநில அரசில் பாரதிய ஜனதாவின் தோழனாக, துணை முதல்வராக இருந்த அதே அஜித் பவார், புணேயில் அக்கட்சியை எதிர்த்துக் களம் இறங்கினார். அதற்காக 2023 ஜூலையில் தாம் பிரிந்து வந்த சித்தப்பாவின் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தார். மெட்ரோ ரயிலிலும் நகரப் பேருந்துகளிலும் கட்டணமில்லாப் பயணம் என்ற வாக்குறுதியை இரு பிரிவுகளும் கூட்டாக வெளியிட்டன.

"நட்புமுறைப் போட்டி" என்று தொடங்கியது விரைவில் கசப்பாயிற்று. பாரதிய ஜனதா ஆட்சியில் இரு மாநகராட்சிகளும் சூறையாடப்பட்டதாக அஜித் பவார் சாடினார். பாசனத் துறை தொடர்பாக அவர் மீது முன்பு சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளை பாரதிய ஜனதாவினர் நினைவூட்டினர். அரசில் ஒரே மேஜையில் அமர்பவர்கள் தெருவில் ஒருவரையொருவர் ஊழல்வாதி என்று சொன்னபோது, வாக்காளர்கள் எவரை நம்புவது என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. பவார்களின் சேர்க்கையை ஏற்க மறுத்து, சரத் பவார் கட்சியின் நகரத் தலைவரும் முன்னாள் மேயருமான பிரசாந்த் ஜக்தாப் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் காங்கிரஸில் சேர்ந்தார். கட்சி விட்டுக் கட்சி மாறிய முன்னாள் உறுப்பினர்கள் பலரை பாரதிய ஜனதா வரவேற்றுக்கொண்டது.

ஒரு தலைமுறையின் முடிவு

இத்தேர்தலை ஒட்டிய ஒரே மாதத்தில் புணே நகர அரசியலின் இரு பெரும் போட்டியாளர்களும் மறைந்தனர். காமன்வெல்த் விளையாட்டு ஊழல் வழக்கில் 2011-ல் கைதாகி அரசியலிலிருந்து ஒதுங்கிய சுரேஷ் கல்மாடி, வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள்கள் முன்னதாக ஜனவரி 6-ம் தேதி காலமானார். அவர் மீதான பண மோசடி வழக்கை முடித்துவைக்க அமலாக்கத் துறை அளித்த அறிக்கையை தில்லி நீதிமன்றம் 2025-ல்தான் ஏற்றிருந்தது. முடிவுகள் வெளியாகிப் பன்னிரண்டு நாள்களில், ஜனவரி 28-ம் தேதி, பாராமதியில் நேர்ந்த விமான விபத்தில் அஜித் பவார் உயிரிழந்தார். இரு தேசியவாத காங்கிரஸ்களும் மீண்டும் இணையுமா என்று அதுவரை நடந்த விவாதம், அதன் மையத்தில் இருந்தவரே இல்லாமல் போனதால் திசை மாறியது.

ஆனால் புணேயின் மாற்றம் ஒரே நாளில் வந்ததல்ல. 2012-ல் 152 இடங்களில் 26 மட்டுமே பெற்ற பாரதிய ஜனதா, 2017-ல் 162-ல் ஏறத்தாழ நூறு இடங்களைப் பிடித்தது. லோகமான்ய திலகரின் குடும்பத்து மருமகள் முக்தா திலக், அக்கட்சியின் முதல் புணே மேயரானார். அப்போது தோற்ற வேட்பாளர்கள் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு நகரில் "இறுதி ஊர்வலம்" நடத்தியதை நாடே பார்த்தது. 2026-ல் சந்தேகத்தின் பொருள் மாறியது. விரலில் அழியாத மைக்குப் பதிலாக மார்க்கர் பேனாவால் அடையாளமிட்டதை எதிர்க்கட்சிகள் கண்டித்தன. அதை அழித்துவிட முடியும் என்ற புகாரை மாநிலத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை.

இயந்திரத்தையும் மையையும் தாண்டி, வென்ற கட்சியின் வலிமைக்கு வேறொரு காரணமும் உண்டு. புணேயில் ஒரு வார்டுக்கு ஓர் உறுப்பினர் அல்லர், நால்வர். 41 வார்டுகளில் நாற்பதில் நான்கு இடங்கள், ஒன்றில் ஐந்து. சராசரியாக ஒரு வார்டில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். தெருவுக்குத் தெரிந்த தனி மனிதர் இவ்வளவு பெரிய பரப்பில் சொந்தச் செல்வாக்கால் வெல்வது அரிது. கட்சிச் சின்னமும், பணமும், அமைப்பும் உள்ளவர்களுக்கே இது சாதகம். இத்தேர்தலில் ஒரு சுயேச்சைகூட வெற்றிபெறாததே இதற்குச் சான்று. மும்பையில் மட்டும் வார்டுக்கு ஒருவர் என்ற முறை நீடிக்கிறது.

கேட்க ஆளில்லாத நான்காண்டுகள்

யார் வென்றார்கள் என்பதைக் காட்டிலும், தேர்தல் நடந்ததே பெரிது என்ற நிம்மதியும் நகரில் இருந்தது. முந்தைய மாமன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் நடுவில் முடிந்தது. அதன் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் புணேயை ஆணையரே நிர்வாகியாக இருந்து நடத்தினார்.

இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு குறித்த வழக்கே தாமதத்தின் தொடக்கம். உரிய புள்ளிவிவரம் இன்றி அந்த ஒதுக்கீட்டை அளிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பாந்தியா ஆணையத்தின் அறிக்கையை ஏற்று 2022 ஜூலையில் நீதிமன்றம் வழிவிட்டபோது, மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது. முந்தைய அரசு வகுத்த வார்டு எல்லைகளைப் புதிய அரசு ரத்து செய்ய, மீண்டும் வழக்கு, மீண்டும் நிறுத்தம். இறுதியில் 2025 மே 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்த ஆணையிட்டது. பின்னர் 2026 ஜனவரி 31-ஐக் கடைசி வரம்பாக்கியது.

பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் விதித்த கட்டளை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதியை மீறியது மகாராஷ்டிரம் மட்டுமன்று. தமிழகத்தில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. அதற்கு முன் சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாமலே இருந்தது. எனவே புணே மக்களின் மனக்குறையைத் தமிழக வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நான்காண்டுகளில் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்தவரும் ஆணையர். நிலைக்குழுவின் இடத்தில் இருந்து ஒப்புதல் அளித்தவரும் ஆணையர். 2025-26-க்கு அவர் வகுத்த திட்டத்தின் அளவு 12,618 கோடி ரூபாய். இதில் ஒரு ரூபாயைப் பற்றிக்கூட மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட எவரும் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்கவில்லை. கேட்க மன்றமே இல்லை.

இதன் கடுமையை அதிகம் உணர்ந்தவர்கள் நகரின் விளிம்பில் உள்ள சிற்றூர் மக்கள். 2017-ல் 11 கிராமங்களும், 2021-ல் 23 கிராமங்களும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. பரப்பளவில் மும்பையையும் மிஞ்சியது புணே. ஆனால் 2021-ல் இணைந்த கிராமங்கள் ஊராட்சி மன்றத்தை இழந்தன. மாநகராட்சியில் உறுப்பினரைப் பெறுவதற்குள் மாமன்றமும் கலைந்தது. சொத்துவரி உயர்வு, குடிநீர் லாரிகளுக்குக் காத்திருத்தல், சாக்கடை இல்லாமை என்ற புகார்கள் தொடர்ந்தன. 2025 ஜனவரியில் கிலன்-பாரே நரம்பு நோய் பரவி இருநூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, அதிக நோயாளிகள் காணப்பட்ட பகுதிகளில் நாந்தேட், கிர்கட்வாடி போன்ற இணைக்கப்பட்ட கிராமங்கள் இருந்தன. மாசுபட்ட நீரே காரணம் என்ற ஐயம் வலுத்த அந்த நாள்களில், முறையிடுவதற்கு அம்மக்களுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை.

தேர்தல் ஒன்று நடந்தால் அரசின் காது திறக்கும் என்பதற்கும் புணேயே எடுத்துக்காட்டு. முக்தா திலகரின் மறைவால் 2023 பிப்ரவரியில் நடந்த கஸ்பா பேட் இடைத்தேர்தலில், 28 ஆண்டுகள் தன் வசம் இருந்த தொகுதியை பாரதிய ஜனதா காங்கிரஸின் ரவீந்திர தங்கேகரிடம் இழந்தது. சொந்த வீட்டில் குடியிருப்போருக்கு நிறுத்தப்பட்டிருந்த 40 சதவீத சொத்துவரிச் சலுகை அதே ஆண்டில் மீண்டும் கிடைத்தது. தங்கேகர் 2024 மக்களவைத் தேர்தலில் முன்னாள் மேயர் முரளிதர் மொஹோலிடமும், பின்னர் சட்டப்பேரவைத் தேர்தலிலும் தோற்று, ஷிண்டே அணிக்குச் சென்றது தனிக் கதை.

வாக்கில்லாத தமிழர்கள்

புணே வாழ் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தத் தேர்தல் வெறும் செய்தி மட்டுமே. ராணுவத்தையும் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் நம்பிப் பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உள்ள கட்கியும் புணே கன்டோன்மென்டும் மாநகராட்சி எல்லைக்குள் வரவில்லை. அங்கு நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள கன்டோன்மென்ட் வாரியத்திடம் உள்ளது. அந்த வாரியங்களுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். 2023 ஏப்ரல் 30-ல் நடத்துவதாக அறிவிக்கப்பட்ட தேர்தல் ரத்தானது. சாலைக்கு அந்தப் புறம் வசிப்பவர் நான்கு வாக்குகள் அளித்தார். இந்தப் புறம் வசிப்பவருக்கு ஒன்றும் இல்லை.

மாநகராட்சியில் இனி என்ன என்பதற்கான விடை, 119 என்ற எண்ணில் அடங்கியுள்ளது. மாநிலமெங்கும் தேர்வான 2,869 உறுப்பினர்களில் 1,425 பேர் பாரதிய ஜனதாவினர். புணேயில் அக்கட்சி இரு இடங்களில் போட்டியின்றியே வென்றது. அவ்வாறு வந்த மஞ்சுஷா நாக்புரே பிப்ரவரியில் மேயரானார். மாநகராட்சி, மாநிலம், மத்திய அரசு ஆகிய மூன்றும் ஒரே கட்சியின் தலைமையில் இருப்பதால் நிதி தடையின்றி வரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். 2017-ல் இதே வாக்குறுதியோடு வந்தவர்கள் போக்குவரத்து நெரிசலையும் குடிநீரையும் தீர்த்துவைத்தார்களா என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. இரண்டுமே நியாயமானவை.

2018 ஜூனில் புதிய மாமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட நாளிலேயே மண்டபத்தின் கூரையிலிருந்து மழைநீர் ஒழுகியது நாடு முழுவதும் செய்தியானது. பின்னர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அந்த மண்டபத்தின் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. இப்போது அவை நிரம்பிவிட்டன. ஆளும் கட்சிக்கு எதிரே 46 பேர் இருக்கிறார்கள். அவர்களும் நான்கு கட்சிகளாகப் பிரிந்திருக்கிறார்கள். நாந்தேட் கிராமத்துக் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றி அந்த மன்றத்தில் எழுந்து பேசப்போவது யார், பேசினால் கேட்கப்போவது யார் என்பதில்தான் இத்தனை ஆண்டு காத்திருப்பின் பயன் தெரியவரும்.